துத்தநாகப் பேழைகள்: துக்கமும் சாட்சியமும்

ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த சோவியத் படைவீரர்களின் உடல்கள் துத்தநாகப் பேழைகளில் இடப்பட்டு, மூடி பற்றவைக்கப்பட்டே அவர்தம் ஊர்களைச் சென்றடைந்தன. பேழையைத் திறக்கப் பெற்றோருக்கு அனுமதியில்லை. உள்ளே இருப்பது தம் மகன்தானா என்று உறுதிசெய்துகொள்ளவும் இயலாமல் அவனை மண்ணில் வைத்த தாய்மார் பலர். அத்தாய்மாரின் வாய்மொழிகளையும், போரிலிருந்து மீண்ட வீரர்கள், செவிலியர், விதவையர் ஆகியோரின் வாய்மொழிகளையும் திரட்டி ஸ்வெத்லானா அலெக்ஸியெவிச் ரஷ்ய மொழியில் ஆக்கிய நூல் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. 'துத்தநாகப் பையன்கள்' என்பது அதன் பெயரின் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் 1992இலும், திருந்திய வடிவில் 2017இலும் பெயர்க்கப்பட்ட இந்நூல், ஆசிரியருக்கு 2015இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபின் அரபியிலும் 'ஃபித்யானுஸ் ஸின்க்' என்று வெளிவந்துள்ளது.

முஸ்லிம் நாடொன்றின் மீது பத்தாண்டுக் காலம் நடத்தப்பட்ட படையெடுப்பை, படையெடுத்தவர் வீட்டு முற்றத்தில் நின்று பேசும் நூல் இது. இதனை நாம் ஏன் படிக்க வேண்டும் என்ற வினா நம்மவரிடையே எழக்கூடும். தொலைதூரப் போரில் மாண்ட வீரனின் பேழை ஊர் திரும்பும்போது ஊர் என்ன செய்கிறது என்பதில் அந்த ஊரின் அறம் வெளிப்படுகிறது. அந்த அளவுகோல் அவர்களுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

ஒளிக்கப்பட்ட மரணம்

1979 டிசம்பர் இறுதியில் ஆப்கானிஸ்தானில் நுழைந்த சோவியத் படை 1989 பிப்ரவரி 15 அன்று ஆமூ தர்யாப் பாலத்தைக் கடந்து வெளியேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் அங்கே பணியாற்றினர். அங்கே போர் நடக்கிறது என்பதையே தொடக்க ஆண்டுகளில் சோவியத் ஏடுகள் சொல்லவில்லை. படைவீரர் மரம் நடுவதும் பாலம் கட்டுவதுமே அவற்றில் இடம்பெற்றன. கல்லறைக் கல்லில் 'ஆப்கானிஸ்தான்' என்ற சொல்லைப் பொறிப்பதற்கும் தடை இருந்தது. 'சர்வதேசியக் கடமையை ஆற்றுகையில்' என்று எழுதினால் போதும் எனப்பட்டது. இறந்தோர் தொகை முதன்முதலாக அதிகாரபூர்வமாக வெளியானது 1988 மே மாதத்தில்தான். அப்போது அறிவிக்கப்பட்ட எண் 13,310. பின்னர் வந்த கணக்குகள் அதனை ஏறத்தாழ 15,000 என்று உயர்த்தின.

இச்செய்தியை மார்க்கச் சட்ட நோக்கில் எண்ணிப் பார்ப்பது தகும். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. ஒருவர் மரணித்தால் ஊரார் சிலரேனும் கூடி அக்கடமையை நிறைவேற்ற வேண்டும்; எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். மரணம் குடும்பத்தின் சொந்த விவகாரம் மட்டுமன்று, சமூகம் பொறுப்பேற்க வேண்டிய நிகழ்ச்சி என்பதே இச்சட்டத்தின் உட்பொருள். சோவியத் அரசு செய்ததோ இதற்கு நேர்மாறானது. தான் அனுப்பிய வீரனின் மரணத்தை அக்குடும்பத்தின் இரகசியமாக அது சுருக்கிவிட்டது.

இஸ்லாமும் ஒப்பாரியைத் தடுக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கன்னத்தில் அறைந்துகொள்வதையும் ஆடையைக் கிழித்துக்கொள்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது அவர்களே கண்ணீர் உகுத்தார்கள். கண்ணீர் இரக்கத்தின் அடையாளம் என்றும் விளக்கினார்கள். துக்கம் இறைவன் மீதான முறையீடாக மாறக் கூடாது என்பது மார்க்கத்தின் தடை. துக்கம் ஆட்சியாளர் மீதான முறையீடாக மாறக் கூடாது என்பது அரசின் தடை. இவ்விரண்டும் ஒன்றல்ல. சபர் என்பது வாய்மூடி இருத்தல் என்று பொருள் கொள்வோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

ராவியின் பெயர் எங்கே?

நூலின் அமைப்பு எளியது. 'ஒரு தாய்', 'ஒரு செவிலி', 'படைவீரன்' என்பன போன்ற குறிப்புகளுடன் தனித்தனி வாக்குமூலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் குறுக்கிடுவது அரிது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற பெண்களைப் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட முந்தைய நூலும் இம்முறையில் அமைந்ததே. படைத்தலைவர்களின் வரலாற்றில் இடம்பெறாத செய்திகள் இவ்வழியே நூலுக்குள் வருகின்றன. புனைவில் இத்துணைக் கனம் வாய்ப்பது கடினம்.

எனினும், ஹதீஸ் கலையில் பயின்றோர் இந்நூலைப் படிக்கையில் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. ராவி யார்? பெயர் அறியப்படாத அறிவிப்பாளரை முஹத்திஸ்கள் 'மஜ்ஹூல்' என்பர். அவருடைய அறிவிப்பைச் சான்றாக ஏற்கத் தயங்குவர். பேசுவோரைக் காக்கவே பெயர் மறைக்கப்பட்டது என்பது விளங்குகிறது. அடுத்த வினா இன்னும் நுட்பமானது. பல பக்கங்களில் நாம் படிப்பது வெவ்வேறு மனிதரின் பேச்சாயினும் நடை ஒன்றாகவே ஒலிக்கிறது. நாட்டுப்புறத் தாயும் படை அதிகாரியும் ஒரே தாளத்தில் பேசுகின்றனர். சொல்லை அப்படியே அறிவிப்பதற்கும், பொருளைத் தம் சொல்லில் அறிவிக்கும் 'ரிவாயத் பில் மஅனா'வுக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிவர். பின்னதை அவர்களுள் பலர் அனுமதித்தனர். ஆனால் மொழியின் நுட்பமும் சொல்மாற்றத்தால் நேரும் பொருள்மாற்றமும் அறிந்தவருக்கு மட்டுமே அனுமதித்தனர். அலெக்ஸியெவிச் செய்திருப்பது பொருளை அறிவித்தல். அவருக்கு அதற்கான தகுதி உண்டென்றே நாம் கருதுகிறோம். ஆயினும் எது பேசியவர் சொல், எது தொகுத்தவர் சொல் என்று அறியும் வழி வாசகனுக்குத் திறக்கப்படவில்லை. நூலின் மெய்யான குறை இதுவே.

தாய்மார் தொடுத்த வழக்கு

இக்குறை நீதிமன்றம் வரை சென்றது. 1992–93இல் மின்ஸ்க் நகரில், நூலுக்கு வாக்குமூலம் அளித்தோருள் சிலரே ஆசிரியர் மீது வழக்குத் தொடுத்தனர். தாம் சொன்னது திரிக்கப்பட்டது என்பதும், தம் மக்களின் மானம் குலைக்கப்பட்டது என்பதும் அவர்கள் முறையீடு. 1993 இறுதியில் நீதிமன்றம் கோரிக்கைகளில் ஒரு பகுதியை ஏற்று, ஏனையவற்றைத் தள்ளியது. பிந்தைய பதிப்புகள் இவ்வழக்கின் ஆவணங்களையும் உள்ளடக்கியுள்ளன. நம் கருத்தில் நூலின் மிக வலிய பகுதியும் அதுவே.

மகனைப் போருக்கு அனுப்பியது அரசு. பொய் சொன்னது அரசு. பேழையைப் பற்றவைத்ததும் அரசு. தாயின் வழக்கோ எழுத்தாளர் மீது. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. தாய்மாரின் பின்னால் இராணுவத்தார் நின்றனர் என்று ஆசிரியரின் ஆதரவாளர் கூறினர், அது முழுவிளக்கமாகாது.

அரபி மொழியில் 'ஷ-ஹ-த' என்னும் ஒரே வேரிலிருந்து 'ஷாஹித்', 'ஷஹீத்' என்னும் இரு சொற்களும் பிறக்கின்றன. முன்னது சாட்சி சொல்பவனையும், பின்னது வழக்கில் உயிர்த்தியாகியையும் குறிக்கும. அந்தத் தாய் எதிர்பார்த்தது தன் மகன் ஷஹீத் என்ற சொல். எழுத்தாளர் தந்ததோ ஷாஹிதின் சொல்: உன் மகன் ஒரு கிராமத்தைச் சுட்டான், அவன் நண்பன் கொள்ளையடித்தான், அவர்கள் ஏன் சென்றோம் என்று அறியாமலேயே மடிந்தனர் என்ற சொல். மகனை இழந்தவளிடம் எஞ்சியிருந்தது அவன் மரணத்துக்கு ஒரு பொருள் உண்டென்ற நம்பிக்கை மட்டுமே. அதையும் பறித்தவர் அரசைவிடக் கொடியவராக அவள் கண்ணுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இலக்கியம் இத்தாயை முன்பே அறியும். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்வியுற்று, வாளேந்திக் களம் சென்று, பிணங்களைப் புரட்டித் தேடிய முதியவளைப் புறநானூறு காட்டுகிறது. அவன் சிதைந்து கிடந்த நிலையே அவளுக்கு ஈன்ற நாளினும் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. அரபியில் கன்ஸா (ரலி) அவர்கள் நினைவுக்கு வருகிறார். அறியாமைக் காலத்தில் தம் சகோதரர் ஸக்ருக்காகப் பாடிய மர்ஸியாக்களால் புகழ்பெற்ற அவர், காதிஸிய்யாப் போரில் நான்கு மக்களையும் இழந்தபோது இறைவனைப் புகழ்ந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறும். மர்ஸியா மாண்டவனின் பெருமையைப் பாடும். அவனுக்குப் பெயர் தரும். அலெக்ஸியெவிச் எழுதியது புகழ் நீக்கப்பட்ட மர்ஸியா. பொருளற்ற போரில் மாண்டவனுக்கு அதுவன்றி வேறு மர்ஸியா நேர்மையானதாகாது. ஆயினும் ஒரு தாய் அதனைக் கேட்டுத் தாங்குவது அரிது. வழக்கில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்பதே நம் முடிபு.

பொதுமக்களின் மனம் எத்துணை விரைவில் மாறும் என்பதற்கும் அக்காலம் சான்று. படையெடுப்பைக் கண்டித்ததற்காக 1980இல் கார்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்ட ஆந்த்ரேய் சகாரவ், 1989 ஜூனில் மக்கள் பிரதிநிதிகள் பேரவையில் போரைப் பற்றிப் பேசியபோது அவை கூச்சலிட்டு அவரை அடக்கியது. அதே பேரவை அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று படையனுப்பிய முடிவைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. சகாரவ் இறந்து அப்போது பத்து நாட்களே ஆகியிருந்தன.

நூலில் இல்லாதவர்

இந்நூலில் ஆப்கானியர் குரல் ஏறத்தாழ இல்லை. 1988இல் காபூல் சென்ற ஆசிரியர், மருத்துவமனையில் ஓர் ஆப்கானியக் குழந்தைக்குப் பொம்மையொன்றைக் கொடுக்கிறார். குழந்தை அதனைப் பற்களால் கவ்வுகிறது. அதற்குக் கைகள் இல்லை. நூல் முழுவதிலும் நம்மை மிகவும் உலுக்கிய இடம் அதுவே. ஆனால் அக்குழந்தை பேசவில்லை. அதன் தாய்க்கும் தனி அத்தியாயம் இல்லை. 15,000 சோவியத் வீரர்கள் மாண்ட அப்போரில் மடிந்த ஆப்கானியர் 10 இலட்சம் அளவினர் என்பது பரவலான மதிப்பீடு. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். அவர்களுக்குத் துத்தநாகப் பேழையும் இல்லை, பட்டியலும் இல்லை. தம் மக்களின் மனச்சான்றைச் சோதிப்பதே ஆசிரியரின் நோக்கம் என்பதால் இதனைக் குற்றமாகச் சாட்ட மாட்டோம்; எல்லையாகச் சுட்டுகிறோம்.

மற்றோர் இடைவெளியும் உண்டு. 1979 டிசம்பர் 27 அன்று காபூலில் அமீனின் மாளிகையைத் தாக்கியோருள், மத்திய ஆசிய வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட 'முஸ்லிம் பட்டாளம்' ஒன்றும் இருந்தது. உஸ்பெக், தாஜிக் இளைஞர் தம் மொழி பேசும் மக்கள்மீதே ஏவப்பட்டனர். அவர்தம் வீடுகளுக்கும் பேழைகள் சென்றன. திறக்கவியலாத பேழைக்குள் இருப்பவரைக் குளிப்பாட்டுவது எங்ஙனம், கஃபனிடுவது எங்ஙனம் என்ற வினா அவ்வீடுகளில் எழுந்திருக்கும். அத்தாய்மாரின் நூல் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

பின்வந்த பேழைகள்

2001க்குப் பின் அதே மண்ணுக்கு வேறு படைகள் வந்தன. அமெரிக்கா, டோவர் விமானதளத்தில் வந்திறங்கும் பேழைகளைப் படமெடுக்க 1991இல் விதித்த தடையை 2009இல்தான் தளர்த்தியது. இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு. வூட்டன் பாசெட் என்னும் சிற்றூர் மக்கள், 2007 முதல் 2011 வரை, தம் தெரு வழியே சென்ற ஒவ்வொரு வீரனின் பேழைக்கும் எவர் கட்டளையுமின்றித் திரண்டு மௌனமாக நின்றனர். அம்மௌனத்தில் மனிதம் இருந்தது. போரைக் கேள்வி கேட்பதற்கு அது தடையாகவும் சிலரால் பயன்படுத்தப்பட்டது. 2010 ஜனவரியில், மாண்ட முஸ்லிம்களைக் குறிக்கும் வெற்றுப் பேழைகளுடன் அத்தெருவில் ஊர்வலம் போவோம் என்று முஸ்லிம் பெயர் தாங்கிய சிறு குழுவொன்று அறிவித்துப் பின்னர் கைவிட்டது. பிரிட்டிஷ் முஸ்லிம்களின் பேரமைப்புகளே அதனைக் கண்டித்தன. ஆப்கானியரின் சாவும் எண்ணப்பட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. துக்கத்தில் நிற்பவரின் தெருவில் அதனைச் சவாலாக எறிவது அந்நியாயத்தையே இழக்கச் செய்தது.

நம் பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு. சோவியத் படை தோற்று வெளியேறியதில் முஸ்லிம் உலகம் மகிழ்ந்தது. ஆக்கிரமிப்பு ஒழிந்ததற்காக மகிழ்வது முறையே. ஆனால் 1992 முதல் 1996 வரை அதே முஜாஹித் குழுக்கள் தமக்குள் மோதி, காபூல் நகரைக் குண்டுகளால் தகர்த்தபோது பல்லாயிரவர் மடிந்தனர். அவர்களுக்காக நம் மேடைகளில் எத்தனை உரைகள் நிகழ்ந்தன? எத்தனை இதழ்கள் சிறப்பிதழ் வெளியிட்டன? அந்நியன் கொன்றால் ஷஹீத் என்றும், நம்மவன் கொன்றால் மௌனம் என்றும் ஒரு கணக்கு நம்மிடமும் நிலவுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் எச்சரிக்கிறது. நேசமும் நீதியைத் தவறச் செய்யலாகாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் எச்சரிக்கிறது. முன்னதை நாம் பிறருக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். பின்னது நம்மை நோக்கியது.

காதிஸிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) ஆகிய இரு ஸஹாபிகள் அமர்ந்திருக்கையில் ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றனர். அது இந்நாட்டு முஸ்லிமல்லாதவருடையது என்று உடனிருந்தோர் கூறினர். ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவியதையும் அவ்விருவரும் எடுத்துரைத்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நம்பிக்கை வேறு என்பதால் அவர்கள் அமர்ந்தே இருந்துவிடவில்லை. எழுந்து நின்றதால் தம் கொள்கையைக் கைவிட்டவர்களாகவும் ஆகவில்லை.

அலெக்ஸியெவிச்சின் நூல் தன் மக்களை அவ்வாறு எழுந்து நிற்கச் செய்ய முயன்றது. ஸனதில் குறையுண்டு, ஆப்கானியர் குரலுக்கு அதில் இடமும் போதவில்லை. இருப்பினும், தன் நாட்டின் வெற்றிக் கதையைத் தன் நாட்டாரின் வாய்மொழி கொண்டே மறுத்துரைத்த துணிவு அரிது. காபூலின் 1992ஐப் பற்றி, நம்மவர் நாவிலிருந்தே சாட்சியம் திரட்டி இத்தகைய நூலொன்றை எழுதும் ஷாஹித் நமக்குள்ளிருந்து தோன்ற வேண்டும். அரபியும் பார்ஸியும் அறிந்த நம் இளைய ஆலிம்கள் இப்பணியைக் கருத்தில் கொள்வார்களாக.