பெயருக்குக் கீழே ஒரு பட்டம்

அமெரிக்கத் தொலைக்காட்சி விமர்சகர் அனா நவாரோவுக்காகப் பேசுகிறவர்கள் 2024 அதிபர் தேர்தலுக்குப் பிறகு ஒரே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள்: டிரம்பைப் பற்றி அவர் உண்மையைச் சொன்னார், மக்கள் கேட்கவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார்? ஒரு பாதிரியாரைப் பற்றியோ கவிஞரைப் பற்றியோ இப்படிச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வேன். ஆனால் சிஎன்என் திரையில் அவர் பெயருக்குக் கீழே ஆண்டுக்கணக்காக ஓடிய பட்டம், குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூக வகுப்பாளர். மக்களைக் கேட்க வைப்பதற்குத்தான் அந்தத் தொழிலில் சம்பளமே.

அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. 1971இல் நிகரகுவாவின் சினாந்தேகாவில் பிறந்தவர். சாண்டினிஸ்டா புரட்சிக்குப் பின் 1980இல் குடும்பத்தோடு மியாமிக்கு வந்தவர். தந்தை சாண்டினிஸ்டாக்களை எதிர்த்த கான்ட்ரா படையோடு நின்றவர். அப்படிப்பட்ட வீட்டில் கான்ட்ராக்களை ஆதரித்த ரீகனின் கட்சிக்குக் குலதெய்வத்தின் இடம். அதை மீறி 2016இல் ஹிலாரிக்கும் 2020இல் பைடனுக்கும் வாக்களித்ததை வெளிப்படையாகச் சொன்னார். நாக்கில் கூர்மை, இரண்டு மொழியிலும் சரளம். 2022இல் ‘த வியூ’ நிகழ்ச்சியில் கிடைத்த நிரந்தர நாற்காலி தகுதியில்லாமல் வந்ததல்ல.

அவர் நிஜமாகவே வியூகம் வகுத்த காலமும் உண்டு. ரசிகர்கள் அதைப் பேசுவதே இல்லை என்பது வேடிக்கை. 1997இல் நிகரகுவா அரசின் ஆலோசகராக இருந்துகொண்டு ‘நாகாரா’ சட்டத்துக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1995 டிசம்பர் 1க்கு முன் அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட நிகரகுவாக்காரர்களும் கியூபாக்காரர்களும் கிரீன் கார்டு பெற அந்தச் சட்டம் வழிவிட்டது. பிறகு ஃபுளோரிடா ஆளுநர் ஜெப் புஷ்ஷிடம் குடியேற்றக் கொள்கை இயக்குநர். 2008இல் அதிபர் தேர்தலுக்கு நின்ற மெக்கெய்னுக்கும் 2012இல் கட்சி வேட்பாளராக முயன்ற ஹன்ட்ஸ்மனுக்கும் லத்தீன வாக்காளர் பிரிவின் இணைத் தலைவர். இருவருமே தோற்றார்கள். இருந்தாலும் அந்த வேலையின் முடிவில் ஒரு கணக்கு இருந்தது. யார் வந்தும் சரிபார்க்கலாம்.

தொலைக்காட்சியில் அந்தக் கணக்கு காணாமல் போய்விட்டது. என் பல வருடத்துக் குறை இதுதான்.

புஷ், மெக்கெய்ன் அணிக்கு ஒரு கோட்பாடு இருந்தது: குடியேற்றத்தில் கடுமையைக் குறைத்தால் லத்தீன வாக்கு வரும், கூட்டினால் போகும். 2012இல் கட்சி வேட்பாளரான ரோம்னி அந்த வாக்கில் 27 சதவீதத்தோடு நின்றபோது, மறு ஆண்டு கட்சியே வெளியிட்ட தோல்வி அறிக்கையும் குடியேற்றச் சீர்திருத்தத்தைத்தான் மருந்தாகச் சொன்னது. டிரம்ப் நேர்மாறாக, 2015 ஜூனில் மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களை இழித்துப் பேசியே களத்தில் இறங்கினார். 2024இல் லத்தீனரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். நவாரோவின் ஊரான மியாமி-டேட் கவுன்டியைப் பாருங்கள். 2016இல் ஹிலாரி அங்கே ஏறக்குறைய 29 புள்ளி முந்தினார். 2020இல் பைடன் 7 புள்ளிதான். 2024இல் டிரம்ப் 11 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் அங்கே வென்றது அதுவே முதல் தடவை. எட்டு வருடத்தில் 40 புள்ளி புரண்டிருக்கிறது.

வியூகம் வகுப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்ட எவருக்கும் இந்த எண்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். எங்கள் கோட்பாடு எங்கே பிசகியது, வாடகையும் முட்டை விலையும் அதில் எங்கே விட்டுப்போயின என்று கேட்க வைக்க வேண்டும். தொலைக்காட்சி மேசையில் அந்தக் கேள்விக்கு விலை கிடையாது. அங்கே விலைபோகும் சரக்கு, தன் கட்சியைத் தானே திட்டும் கட்சிக்காரர். கட்சியிடமிருந்து எவ்வளவு விலகுகிறாரோ அவ்வளவுக்குப் பட்டத்தின் மதிப்பு கூடும். பிறந்த வீட்டைப் பழிக்கும் மருமகளைக் கேட்கப் புகுந்த வீட்டில் எப்போதும் ஆள் உண்டு. பிறந்த வீட்டில் யாரும் அவளிடம் ஆலோசனை கேட்பதில்லை.

2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் இரண்டாம் நாளை அவர்தான் தொகுத்து வழங்கினார். அக்கட்சியின் வேட்பாளர் கமலா ஹாரிஸைக் கம்யூனிஸ்ட் என்கிறார்களே, கம்யூனிசத்திடமிருந்து தப்பி வந்தவள் நான், எனக்குத் தெரியாதா என்ற பொருளில் பேசி, டிரம்பை லத்தீன் அமெரிக்க சர்வாதிகாரிகளோடு ஒப்பிட்டார். நல்ல வாதம். அமெரிக்காவிலேயே அந்த வாதம் போய்ச்சேர வேண்டிய ஆட்கள் மியாமியில் வாழும் கியூபா, வெனிசுவேலா, நிகரகுவா அகதிக் குடும்பங்கள்தான். பேசியதோ அவர்கள் நம்பாத கட்சியின் மேடையில், ஆங்கிலத்தில், ஏற்கெனவே ஹாரிஸுக்கு வாக்களிக்கப் போகிறவர்களிடம். அரங்கம் அதிர்ந்தது. தண்ணீர் நிற்கிற வயலுக்கே இன்னொரு மடை.

நவாரோவுக்கு ‘த வியூ’வில் நிரந்தர நாற்காலி கிடைத்த அதே 2022இல், ஒபாமா, ஹிலாரி முகாம்களில் வேலை பார்த்த ஸ்டெஃபனி வலென்சியா, ஜெஸ் மொராலெஸ் ரொக்கெட்டோ என்ற இரு லத்தீனப் பெண்கள் 18 ஸ்பானிஷ் வானொலி நிலையங்களை 6 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். மியாமியின் கியூபர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ‘ராடியோ மாம்பி’யும் அதில் அடக்கம். அவர்களாலும் அந்த 40 புள்ளியை நிறுத்த முடியவில்லை. ஆனால் எந்தக் காது எங்கே இருக்கிறது என்றாவது தேடிப் போனார்கள்.

சின்ன விஷயம் ஒன்று, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. 2024 டிசம்பரில் பைடன் தன் மகனுக்கு மன்னிப்பு வழங்கியபோது, அதிபர் உட்ரோ வில்சனும் ஹன்டர் டிபட்ஸ் என்ற மைத்துனருக்கு மன்னிப்பு வழங்கியதாக நவாரோ பதிவிட்டார். அப்படி ஒரு மைத்துனரே வில்சனுக்கு இருந்ததில்லை. சுட்டிக்காட்டியவர்களிடம், சாட்ஜிபிடியிடம் போய்க் கேளுங்கள் என்றார். மியாமி-டேட் எண்களை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போவது?