பூங்காற்று திரும்புமா

இனயம் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டே கேட்கத் தோதான பாட்டு 'பூங்காற்று திரும்புமா'. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'க்காக (1985) இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் பாடிய கிராமத்து ஜோடிப்பாட்டு. சிவாஜி கணேசனின் ஊர்ப் பெரியவருக்காக வாசுதேவன் குரலைத் தளர்த்திக்கொள்கிறார். ஏக்கம் உண்டு, கெஞ்சல் இல்லை. ஜானகி முந்திக்கொள்வதில்லை. பெரியவர் புலம்பக் கேட்டிருந்து, தள்ளி நின்று பதில் சொல்கிறவளாக நுழைகிறார். இந்தப் படத்துக்காகப் பாடலாசிரியர் வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு பாட்டின் செல்வாக்கை அளக்க, அமெரிக்க 'கன்ட்ரி' இசைக்குப் 'பில்போர்டு' இதழின் வாரப் பட்டியல் உண்டு. நமக்கு அன்று வானொலி நேயர் விருப்பமும், கேசட் கடையும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும்தான் பட்டியல். டூயட் என்றால் துள்ளத்தான் வேண்டுமா என்று கேட்பவருக்கு இந்த ஒரு பாட்டே போதும்.