மண்ணாங்கட்டியை ரசிப்பது எப்படி?

மண் ஆய்வு, மின்சேமிப்புக் கரி என்றதும் நம் ஆட்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட! எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் ரசிக்கப் பட்டம் எதற்கு? துளையைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம்; நீர், காற்று, வேர், புழு எல்லாம் அதற்குள்தான். பழம் உதிர்த்த செம்பனைக் குலையின் நாரைக் காற்றில்லாமல் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடாலும் கரியமில வாயுவாலும் பக்குவப்படுத்தினால் நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கும். அந்தத் துளைச் சுவர்களில் அயனிகள் போய் ஒட்டுவதே சூப்பர்கப்பாசிட்டர் என்னும் மின்சேமிப்புக் கருவியின் சேமிப்பு.

இனிதான் விஷயமே. துளை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. அதற்குள் போக வழி இருக்கிறதா என்பது வேறு. பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முகமட் டெராமான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், குலை நார்க் கரியின் பரப்பு கிராமுக்கு 1704 சதுர மீட்டர். இப்படியோர் எண்ணைக் கண்டால் பத்திரிகைகள் வாயைப் பிளந்து அங்கேயே நின்றுவிடும். மேம்போக்கு! அதே ஆய்வில் சேமிப்புத் திறன் கிராமுக்கு 150 ஃபாரட் என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். அயனி நுழையாத சுவர் எத்தனை ஏக்கர் இருந்து என்ன பயன்? அதற்காகக் குறுகிய துளையெல்லாம் வீண் என்றும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளில் சேமிப்பு எதிர்பாராமல் கூடுவதை 2006இல் யூரி கோகோட்சி, பாத்ரிஸ் சிமோன் குழுவினர் காட்டினார்கள். அயனி தன்னைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளில் சிலவற்றை உதறிவிட்டு உள்ளே நுழைகிறது! கிராபீன் என்ற கார்பன் வகையின் பெயரை ஒட்டினாலே கைதட்டும் இன்றைய மோகத்துக்கு இந்த அழகெல்லாம் கண்ணில் படாது.

சுங்கை செம்பிலாங் பக்கத்துக் கடலோரக் களிமண்ணுக்கும் இதே கதைதான். மணலைவிடக் களியில் வெற்றிடம் அதிகம், ஆனாலும் மழைநீர் தேங்கும். துளைகள் அத்தனை நுண்ணியவை. பிடித்த நீரை வேருக்குக்கூட முழுதாக விடாது. புழு குடைந்ததும் மக்கிய வேர் விட்டுப்போனதும்தான் அங்கே நீருக்கும் காற்றுக்கும் வழி. தோட்டத்தில் அனுமதி கேட்டு, தள்ளுவண்டி ஓடும் பாதையிலிருந்து ஒரு மண்கட்டியும், வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசைக்கு அடியிலிருந்து இன்னொன்றும் எடுத்துப் பிட்டுப் பாருங்கள். பாதை மண் இறுகிப் பாளமாக உடையும். மட்டைக்கு அடி மண் பொலபொலவென்று உதிரும். உடைந்த முகத்தில் புழுவின் வழிகள் தெரியும். எடுத்த இரண்டு இடத்திலும் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றி, எது முதலில் குடிக்கிறது என்று உட்கார்ந்து கவனியுங்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, வெறுங்குலை அத்தனையும் மின்சேமிப்புக்கே போகட்டும் என்று முழங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கரி ஆய்வு எனக்கு உயிர். ஆனாலும் குலையைத் தோட்டத்துக்கே திருப்பி, மரத்தடியில் பரப்பும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னால் சண்டைக்கே போவேன். புழுவுக்கும் பூஞ்சைக்கும் அதுதானே தீனி. மண்ணில் துளை போடும் வேலையை அவை சூளை இல்லாமலே செய்துவிடுகின்றன.