மாலைத் தேநீரும் சிறுதீனியும்: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் தேநீரோடு ஏதாவது ஒரு சிறுதீனி எடுத்துக்கொள்வது இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஏழை, நடுத்தர வீடுகள் அனைத்துக்கும் பொதுவான வழக்கம். கூலி வேலை முடித்தவரும் அலுவலகம் விட்டு வருபவரும் பசிக்காக அல்லாமல் ருசிக்காகவே செலவிடும் காசு பெரும்பாலும் இதுதான். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு டீயும் ஒரு வடையும் 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தொகை சிறியது என்பதால் தரம் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை எண்ணெயிலிருந்து இறங்கும், எந்த மாஸ்டர் கையில் டீ நன்றாக வரும் என்பதெல்லாம் ஊராருக்கு அத்துப்படி. அதற்காக நாலு கடை தாண்டி நடக்கவும் அவர்கள் தயங்குவதில்லை. பழக்கம் ஒன்றுதான் என்றாலும், இரு கரைகளிலும் டம்ளரில் இருப்பதும் தட்டில் இருப்பதும் வெகுவாக வேறுபடுகின்றன. பால் எங்கே தாராளமாகக் கிடைத்தது, எந்தத் தேயிலை உள்ளூரிலேயே தங்கியது, எங்கே எண்ணெய்ச் சட்டி வழக்கம், எங்கே வெதுப்பக அடுப்பு வழக்கம் என்பவற்றிலிருந்து பிறந்த வேறுபாடு அது.

கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டதிலிருந்து இலங்கையின் தேயிலை வணிகம் தொடங்குகிறது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களைச் சில பத்தாண்டுகளில் அழித்துவிட, அந்த நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். இலங்கைத் தொழிற்சாலைகள் இன்றும் பெரும்பாலும் பழைய முறையையே கைக்கொள்கின்றன. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பி நிறம் மாறவிட்டு, பிறகு சூட்டில் உலர்த்துவது அந்த முறை. இந்தியாவில் மிகுதியாக உற்பத்தியாவது சி.டி.சி. எனப்படும் குருணைத் தூள். பற்கள் கொண்ட உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த எந்திரமுறை 1930களில் அசாமில் உருவானது. குருணைத் தூள் கொதிநீரில் சட்டென்று சாயம் இறக்கும். பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்கும் காரமும் அதற்கு உண்டு. பழைய முறைத் தூளுக்கு அந்த வேகம் கிடையாது, ஆனால் மணம் அதிகம். பால் சேர்த்தால் அந்த மணத்தில் பாதி போய்விடும்.

இந்த வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் வணிகத்தில் இருக்கிறது. இந்தியத் தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவுக்குள்ளேயே குடித்துத் தீர்க்கப்படுகிறது. இலங்கையோ தன் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. இந்தியத் தொழிற்சாலைகள் உள்ளூர் டீக்கடையை மனத்தில் வைத்துத் தூள் தயாரிக்க, இலங்கைத் தொழிற்சாலைகள் கொழும்பு ஏலத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கின்றன.

தமிழ்நாட்டு டீக்கடையில் முதன்மையானது பால். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும் கூட்டுறவுச் சங்கங்களும் பசும்பாலைச் சின்ன ஊர்க் கடைவரை கொண்டுவந்து சேர்த்தன. பாய்லருக்குப் பக்கத்தில் பால் நாள் முழுதும் சூட்டிலேயே இருப்பதால் மாலைக்குள் நன்றாகச் சுண்டித் திக்காகிவிடும். மாஸ்டர் துணிப் பையில் இருக்கும் தூளின்மீது கொதிநீரை விட்டு டிகாக்‌ஷன் இறக்குகிறார். கண்ணாடி டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் பால், அதன்மேல் டிகாக்‌ஷன். பிறகு கையை உயர்த்தி இரண்டு மூன்று ஆற்று ஆற்றுகிறார். ஆற்றும்போது சூடு குடிக்கும் பதத்துக்கு இறங்குகிறது, நுரை எழுகிறது, சர்க்கரை கரைகிறது. ‘ஸ்ட்ராங்கா’, ‘லைட்டா’, ‘சர்க்கரை கம்மியா’, ‘ஆடை இல்லாம’ என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டாலும் அவரவர் டம்ளர் அவரவர் கைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொருவர் நாக்குக்கும் ஏற்ற பானத்தை ஒரு நிமிடத்துக்குள் இத்தனை மலிவாகத் தரும் வேறு ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை.

இலங்கையில் கறவை மாடு குறைவு. கடைகளில் பால் தேநீர் பெரும்பாலும் இறக்குமதியான பால்மாவில் தயாராகிறது. இந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் முறியக்கூடியது என்பதை 2021 காட்டியது. அந்நியச் செலாவணி வற்றியதும் பால்மா கிடைப்பது அரிதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட, பல கடைகள் பால் தேநீரை நிறுத்திவிட்டு பிளேன்டீயை மட்டும் விற்றன. வழக்கம் அதனால் அறுந்துவிடவில்லை. பால் சேராத தேத்தண்ணி அங்கே முன்பே வேரூன்றி இருந்ததே காரணம். யாழ்ப்பாணத்தில் வெறுந்தேத்தண்ணி என்றும், மலையகத்தில் சாயத்தண்ணி என்றும், பொதுவாக பிளேன்டீ என்றும் சொல்லப்படும் அந்தப் பானம், நல்ல தூளாக இருந்தால் செம்பு நிறத்தில் பளிச்சென்று நிற்கும். இஞ்சி தட்டிப் போடுவது பரவலான வழக்கம். 4,000 அடிக்கு மேல் விளையும் நுவரெலியாத் தேயிலை மெல்லிய மணம் கொண்டது; தாழ்நிலத் தேயிலை கறுத்துக் கனமாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்று அப்பகுதி இலைக்குத் தனியொரு நெடியைத் தருகிறது. இந்த வேறுபாடுகளைப் பாலில்லாத கோப்பையில்தான் நாக்கு பிரித்தறிய முடியும். நீலகிரியின் உயரமான தோட்டங்களிலும் இதற்கு ஈடான மணமுள்ள இலை விளைகிறது. தமிழ்நாட்டார் அதைப் பால் சேர்க்காமல் குடித்துப் பார்ப்பது மிக அரிது; அந்த அளவில் தம் மண்ணின் நல்ல சுவை ஒன்றை அவர்கள் இழக்கிறார்கள்.

தட்டில் வருவது எண்ணெய்ச் சட்டியிலிருந்தா வெதுப்பகத்திலிருந்தா என்பது அடுத்த பிரிவு. தமிழ்நாட்டில் சட்டிக்குத்தான் முதலிடம். மெதுவடை, பருப்புவடை, வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, போண்டா எல்லாமே கண்ணெதிரில் பொரிக்கப்பட்டு, செய்தித்தாள் துண்டில் எண்ணெய் ஒற்றிக் கைக்கு வருகின்றன. இறங்கிய பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் அவற்றின் முழு ருசி. இலங்கையிலும் வடை உண்டு. கொழும்பு காலிமுகத்திடலில் பருப்பு வடைமேல் முழு இறால்களைப் பதித்துப் பொரிக்கும் ‘இஸ்ஸோ வடை’ கடற்காற்றோடு சேர்ந்த தின்பண்டமாகவே ஆகிவிட்டது. பருத்தித்துறை வடையோ இதற்கு நேர்மாறானது. உளுந்தும் மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து மெல்லிய தட்டாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரிப்பதால் பல நாள் கெடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போகும் பெட்டிகளில் தவறாமல் இடம்பெறுவதும் அதனால்தான்.

இலங்கையின் தனிச்சிறப்பு வெதுப்பகப் பண்டங்களில் இருக்கிறது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கரையோரத்தை அடுத்தடுத்து ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சமையலை உள்ளூர் மிளகும் மீனும் கறிவேப்பிலையும் தம்வசப்படுத்திக்கொண்டன. மீனும் உருளைக்கிழங்கும் காரமாகப் பிரட்டி உள்ளே வைத்த மாலு பாண், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ரோல்ஸ், அரைவட்டப் பற்றிஸ், உருண்டைக் கட்லட் ஆகியவற்றை ஒட்டுமொத்தமாக ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்பார்கள். பரிமாறும் முறையும் கவனிக்கத்தக்கது. அமர்ந்ததும் எல்லா வகையிலும் சில கொண்ட ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம், எடுத்ததற்கு மட்டும் காசு. எண்ணிக்கையைப் பார்த்துக் கடைக்காரர் கணக்குச் சொல்வார். ஒன்றே ஒன்று எடுப்பவரும் முழுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் நிறைவைப் பெறுகிறார். தமிழ்நாட்டில் இதற்குச் சற்று அருகில் வருபவை கோவை, திருப்பூர்ப் பகுதி பேக்கரிகள். அங்கே டீயோடு பப்ஸும் தேங்காய் பன்னும் கேட்பது அன்றாட வழக்கம். ஊட்டியில் அந்த இடம் வர்க்கி என்னும் பேக்கரிப் பண்டத்துக்கு உரியது. அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனிப்பில் இரு கரைகளும் மிக நெருங்கி வருகின்றன. யாழ்ப்பாணத்தில் சீனி போடாத தேத்தண்ணியோடு பனங்கட்டியைக் கடித்துக்கொள்வது பழைய பழக்கம். ஓலையில் முடைந்த சிறு குட்டானுக்குள் வார்த்த பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் அதக்கிக்கொண்டு, சூடான தேத்தண்ணியை மேலே விட வேண்டும். கரைந்து வரும் இனிப்பில் பனையின் புகைவாசமும் மெல்லிய உப்புச்சுவையும் தெரியும். தெற்கே சிங்களவர் இதே முறையில் கித்துள் மரக் கருப்பட்டியைக் கடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில் கருப்பட்டியைக் கடிப்பதைவிடக் காப்பியில் கரைப்பதே வழக்கம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், சீனிப்பாகு கலந்த போலிகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் அந்தப் புகைவாசம் இருப்பதில்லை.

தொதல் இரு கரைக்கும் பொதுவான பண்டம். மலாய் மக்கள் குடியேறிய அம்பாந்தோட்டை இலங்கையில் அதற்குப் பெயர்பெற்ற ஊர். இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலும், இலங்கையோடு நெடுங்காலம் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளில் இது கிண்டப்படுகிறது. அரிசி மா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றும் சேர்ந்த கூழைப் பெரிய சட்டியில் விடாமல் கிண்ட வேண்டும். முதலில் பொங்கித் தெறிக்கும். பிறகு இறுகிக் கரண்டியை இழுக்கும். மணிக்கணக்காகக் கிண்டியபின் தேங்காய் எண்ணெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் வழியத் தொடங்கும். அந்த எண்ணெயை வடித்தெடுத்தால்தான் பண்டம் கறுத்து, பளபளத்து, கத்திக்கு ஒட்டாமல் துண்டாகும். அவசரப்பட்டு இறக்கினால் இரண்டே நாளில் சிக்கு வாடை அடிக்கும். உழைப்பையும் தேங்காயையும் கணக்கிட்டால் விலை கூடிய இனிப்புதான். ஆனால் விரல் அகலத் துண்டுக்கு மேல் ஒருவரால் தின்ன முடியாது, அதனால் ஒருவேளைச் செலவு கட்டுக்குள் நிற்கிறது. இலங்கையின் மஸ்கட் இனிப்புக்கும் தூத்துக்குடி மாவட்ட முதலூரின் மஸ்கோத்து அல்வாவுக்கும் பெயரில் உள்ள உறவு செய்முறையிலும் தெரிகிறது: இரண்டிலும் மாவைக் கரைத்துப் பால் எடுத்துக் கிண்டுவதே அடிப்படை. முதலூரில் நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் சேர்க்கிறார்கள்.

போர்த்துக்கீசர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரியும் இரு கரைகளிலும் இனிப்பாயிற்று. இலங்கையில் அது ரவையும் முட்டை மஞ்சட்கருவும் பன்னீரும் சேர்ந்த லவ் கேக். தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்திய மக்ரூன்.

இவற்றை வாங்கும் அளவு இரு இடங்களிலும் வேறு. தமிழ்நாட்டு இனிப்புக்கடை எடையில் விற்கிறது. திருநெல்வேலியில் 50 கிராம் அல்வாவைச் சூடாக வாங்கி வாசலிலேயே தின்றுவிட்டுப் போவது இயல்பான காட்சி. இலங்கையில் வெதுப்பகப் பண்டங்களுக்குத் துண்டுக் கணக்கு.

யார் இதை அனுபவிக்கிறார்கள் என்பதிலும் ஒற்றுமை, வேற்றுமை இரண்டும் உண்டு. தெருமுனை டீக்கடை தமிழ்நாட்டிலும் இலங்கைச் சிற்றூர்களிலும் ஆண்களின் இடமாகவே இன்னும் நீடிக்கிறது. பெண்கள் நின்று டீ குடிப்பது நகரங்களில் மட்டும் மெல்லப் பழகிவருகிறது. இந்தக் குறையை இலங்கையில் ஓரளவு ஈடுசெய்வது ‘சூண் பாண்’ வண்டி. கண்ணாடிப் பெட்டி பொருத்திய முச்சக்கர வண்டி, பீத்தோவனின் ‘ஃபூர் எலிசே’ இசையை ஒலித்தபடி தெருத்தெருவாக வர, பெண்களும் பிள்ளைகளும் படலையடியில் நின்று மாலு பாணும் கிம்புலா பணிஸ் என்னும் இனிப்பு பன்னும் வாங்கிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மணியடித்து வரும் சோன்பப்டி வண்டியும் சுண்டல்காரரும் வாசலுக்கு வருகிறார்கள். டீ மட்டும் வருவதில்லை. அதனால் தமிழ்நாட்டு வீட்டுப் பெண்ணின் மாலைத் தேநீர் பெரும்பாலும் அவரே அடுப்பில் வைத்தது. கொங்குப் பகுதி பேக்கரிகளில் மேசை நாற்காலி போட்டிருப்பதால், குடும்பத்தோடு உட்கார்ந்து பப்ஸும் டீயும் சாப்பிட்டு எழும் பெண்களை அங்கே தினமும் மாலையில் பார்க்கலாம்.