துறுகல் என்பது வெறும் பாறைதானா?

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் நகர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. குளுவாங்கை அடுத்து நிற்பது 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுற்றுவட்டார மாணவர்கள் கூட்டமாக ஏறி இறங்கும் மலை அது. ஏறுகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வழியிலுள்ள பெரும்பாறைகளின்மேல் அமர்ந்து கட்டுச்சோறு உண்கிறார்கள். பள்ளி திறந்த பிறகு அதே மாணவர்கள் குறுந்தொகைப் பாட்டொன்றில் 'துறுகல்' என்னும் சொல்லைக் கண்டால், ஓரத்தில் 'பாறை' என்று எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அமர்ந்து உண்ட கல்லும் பாட்டில் கிடக்கும் கல்லும் ஓரினம் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

'பாறை' என்பது பிழையான பொருள் அன்று, போதாத பொருள். தமிழில் கல்லுக்குப் பெயர் பல. பரந்து கிடப்பது அறை. காலை உறுத்துவது பரல். பரல் செறிந்த மேட்டு நிலம் முரம்பு. துறுதல் என்றால் நெருங்குதல், செறிதல். எனவே துறுகல் என்ற அளவிலேயே திரண்டு செறிந்த வடிவம் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. அந்த வடிவத்தை விட்டுவிட்டுப் பாட்டைப் படித்தால் உவமை வெறும் அலங்காரமாகத்தான் தோன்றும்.

கபிலர் பாடிய குறுந்தொகை 13ஆம் பாட்டை நோக்குக. பெருமழையில் நனைந்த துறுகல்லை, புழுதி போகக் கழுவப்பட்ட யானைக்கு உவமிக்கிறார் அவர். யானையையும் பாறையையும் ஒப்பிடுவது எவர்க்கும் தோன்றக்கூடியதே என்று இதனை எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் கபிலர் கல்லுக்குக் கொடுக்கும் அடைகள் இரண்டு: ஒன்று கருமை, மற்றொன்று 'பிணர்', அதாவது சொரசொரப்பு. மழை ஓய்ந்த பின் மலைவழியில் செல்வோர் ஒரு பாறையைக் கையால் தடவிப் பார்த்தால் அந்த இரண்டாவது அடையின் அருமை விளங்கும். கருங்கல் என்பது ஒரே பொருளால் ஆனதன்று. படிகமணிகளும், பெல்ஸ்பார் என்னும் கனிமமும், காக்காய்ப்பொன்னும் பிணைந்து இறுகியது. நீர் படப்பட பெல்ஸ்பார் சிதைந்து களியாகிக் கரைந்துபோகிறது; படிகமணிகள் சிதையாமல் துருத்தி நிற்கின்றன. அதுவே பிணர். யானைத் தோலைத் தொட்டவர்க்கு அந்தச் சொரசொரப்பு புதிதன்று.

துறுகல் உருண்டிருப்பதற்குக் காரணமும் அதே நீர்தான். மண்ணுக்கடியில் கிடக்கும் கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் ஓடுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் கல்லைக் கட்டங்கட்டமாகப் பிரித்து அரிக்கிறது. முகம் ஒரு பக்கத்திலும், விளிம்பு இரண்டு பக்கங்களிலும், மூலை மூன்று பக்கங்களிலும் தாக்கப்படுவதால் மூலைகளே முதலில் மழுங்குகின்றன. சதுரம் உருண்டையாகிறது. பிறகு சுற்றியிருந்த இளகிய மண்ணை மழை அடித்துச் செல்ல, உள்ளிருந்த உருண்டை வெளியே தெரிகிறது. மேலேயிருந்து உருண்டு வந்து விழுந்த கல் என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். சரிவில் அப்படி உருண்டவையும் உண்டு என்றாலும், பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே நிற்பவை. மாமல்லபுரத்தில் விழுவது போலவே விழாமல் நிற்கும், கண்ணனின் வெண்ணெய் உருண்டை என மக்கள் பெயரிட்ட 250 டன் கல்லும் இவ்வாறு தேய்ந்து எஞ்சியதே. சிதைந்துபோன களிக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை ஆயர் ஈத்தாம் சாலையோரத்துப் பானைக் கடைகளைக் கண்டவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

இனிக் கபிலரிடம் திரும்புவோம். அத்தகைய கல்லின் ஒருபுறம் தங்கும் நாட்டுக்குரியவன் தனக்கு நோய் தந்தான். அதனால் கண்கள் பசந்தன என்கிறாள் தலைவி. மழையில் வருந்திய கல் தன் மாசு நீங்கிக் கருநிறம் பெறுகிறது. காதலில் வருந்திய கண் தன் கருநிறத்தை இழக்கிறது. நனைந்த கல் கறுக்கும் என்பதைக் கண்டிராதவர்க்கு இந்த முரண் வெளிப்படாது. அவர் முதற்பகுதியை வருணனை என்றும் பிற்பகுதியைச் செய்தி என்றும் பிரித்துவைத்து ஓய்ந்துவிடுவார்.

நெடுவெண்ணிலவினாரின் 47ஆம் பாட்டில் வேங்கைப் பூக்கள் உதிர்ந்த துறுகல் புலிக்குட்டி போலத் தோன்றுகிறது. புலி அன்று, குட்டி. ஆகவே கல் சிறியது; மண்ணில் பாதி புதைந்து முதுகு மட்டும் காட்டுவது என்று கொள்ளலாம். வழுக்குப்பாறையாயின் பூ தங்காது; பிணர் உள்ளதாலேயே மஞ்சளும் கருமையும் மாறிமாறிக் கிடக்கின்றன. மலேசியச் சாலைகளில் நிழலுக்கு வளர்க்கப்படும் அங்சானா மரம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. அது ஒரே நாளில் பூத்துக் கொட்டும்போது கீழே நிறுத்திய வண்டியைப் பார்த்தவர்க்கும் இப்பாட்டில் பாதி விளங்கிவிடும். மறுபாதிக்கு நிலவு வேண்டும். இரவில் வரும் தலைவனுக்கு நீ நல்லை அல்லை என்று தோழி பழிப்பது நிலவைத்தானே!

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சங்கப் புலவர் நிலவியல் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர்க்கு இவை சான்றாகா. கபிலர்க்கு பெல்ஸ்பார் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அவர் கண்டார், தொட்டார், சரியான சொல்லை இட்டார். அவ்வளவே. ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அச்சொல் கல்லோடு பொருந்துகிறதென்றால் அது கவிதையின் பெருமை. அதற்கு அறிவியல் முத்திரை குத்துவது அதனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

மேலும் தமிழகத்துக் கல்லும் ஜொகூர்க் கல்லும் ஒன்றல்ல. பல்லாவரம் முதல் நீலகிரி வரை தமிழ்நாட்டில் பெருமளவில் காணப்படும் சார்னோக்கைட் என்னும் கல் உள்ளேயே கருமை பாய்ந்தது. கல்கத்தாவிலுள்ள யோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு ஹாலண்டு என்னும் நிலவியலார் அதற்கு அப்பெயர் இட்டார். குனோங் லெடாங் போன்ற ஜொகூர் மலைகளின் கருங்கல்லோ, பெயரில் கருமை இருந்தாலும், உடைத்தால் வெளிர் சாம்பல் நிறம். மேலே படரும் பாசியே அதனைக் கறுப்பாக்குகிறது. 1854இல் லெடாங் ஏறிய ஆல்பிரட் ரசல் வாலஸ், மலாய்க்காரர் 'பாடாங் பத்து' என்றழைக்கும் வெறும் கற்பரப்பையும் அதன் வெடிப்புகளில் வேரூன்றிய செடிகளையும் குறித்துவைத்தார். 'கல்வெளி' எனப் பொருள்படும் அந்த மலாய்ப் பெயருக்கு நேரான தமிழ் 'அறை'. மாணவர்க்கு இவ்விரு சொற்களையும் ஒருசேரக் காட்ட அம்மலையினும் சிறந்த இடம் அரிது.

பரணரின் 36ஆம் பாட்டே இவற்றுள் நுட்பமானது. துறுகல்லின் அருகே முளைத்த மாணைக்கொடி, உறங்கும் களிற்றின்மேல் படர்கிறது. மற்றவர் கல்லை யானையாகக் கண்டனர். இங்கே கொடி யானையைக் கல்லாகக் கொண்டுவிட்டது. இதனைக் கொடியின் செழிப்பைக் காட்டும் வருணனை என்று மட்டும் சொல்லி நகர்வது பாட்டின் உயிரை விட்டுவிடுவதாகும். பிரியேன் என்று நெஞ்சறியச் சொன்னவனை நம்பியவள் பேசும் பாட்டு இது. துறுகல் பிறந்த இடத்தை விட்டுப் பெயராதது. களிறு விழித்தால் எழுந்து நடந்துவிடும். அப்போது கொடி என்னவாகும் என்பதைப் பரணர் சொல்லவில்லை.