குறள் 478: சிக்கனம் மட்டும்தானா?

குறள் 478-க்குப் பொருள் கேட்டால், ‘சிக்கனமாக இரு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதிலே சேமிப்பு என்ற பேச்சே இல்லைங்க. வருமானம் சிறுத்தாலும் கேடில்லை, செலவு அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்கிறார் வள்ளுவர். குறள் இருப்பதும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில். தன் பலத்தைத் தெரிந்துகொள் என்பதே பாடம்.

வாரம் 20 வெள்ளி வாங்கும் பிள்ளையிடம் ‘சேமி’ என்றால் தலையைக் குனிந்துகொள்ளும். ‘வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எழுது’ என்று சொல்லிப் பாருங்கள், எழுதும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் ‘கேடில்லை’தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

மாணவர்களே, கட்டுரையில் 479-ஐயும் சேர்த்து எழுதுங்கள். அளவறியாத வாழ்வு இருப்பதுபோல் தோன்றி இல்லாமல் போகும் என்கிறது அது. தவணையில் வாங்கிய கைப்பேசியே போதுமான எடுத்துக்காட்டு.