அறுபத்திரண்டு நடக்கிறது

உதயகிரிக் கோட்டைக்குள் கூரை போன ஒரு சிற்றாலயம் நிற்கிறது. அதன் தரையில் கிடக்கும் கல்லறைக் கல்லில் பலரும் வியந்து படிப்பது வீரம் சொல்லும் வரிகளை. எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் கணக்குதான். இங்கே துயில்பவர் 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது கல். ஒருவரின் பிறப்பைத் தேடிப் போகிறவருக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது. ஆண்டு மட்டும் இருந்திருந்தால் பன்னிரண்டு மாதப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அந்த ஐந்து மாதம் தேடலை ஒரு மார்கழிக் கடைசிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

துயில்பவர் யூஸ்டாக்கியுஸ் பெனெடிக்டுஸ் டி லனாய். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கிய டச்சுக் கம்பெனி ஆள். பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றி, கோட்டைகளை எழுப்பி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கியவர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கோட்டைக்குள் நடந்தே போய்விடலாம். மனைவி மார்கரீத்தாவும் மகன் யோவானும் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். வந்து குடியேறிய ஒரு குடும்பம், ஓர் ஆலயத் தரைக்குள்.

கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. லத்தீன் வாசகம் வழிப்போக்கனை நிற்கச் சொல்கிறது. படைத்தலைமை, மன்னரிடம் வைத்த விசுவாசம், காயங்குளம் முதல் கொச்சி வரை அடக்கிய நாடுகள் என்று வரிசையாக அடுக்குகிறது. அது சொல்லாமல் விட்டவற்றைக் கவனியுங்கள். பெற்றோர் யார், பிறந்த ஊர் எது என்ற பேச்சே இல்லை. குளச்சல் இல்லை, டச்சுக் கம்பெனியும் இல்லை. கல்லைக் கேட்டால் இந்த மனிதர் திருவிதாங்கூரிலேயே முளைத்தவர்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1777 ஜூனிலிருந்து 62 ஆண்டும் 5 மாதமும் பின்னால் போனால் 1714 முடிந்து 1715 பிறக்கும் தறுவாயில் வந்து நிற்போம். ஆனால் அதே கல்லில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: மன்னருக்கு ஏறத்தாழ 37 ஆண்டு ஊழியம் செய்தார் என்று. 1741 ஆகஸ்டிலிருந்து 1777 ஜூன் வரை எண்ணிப் பாருங்கள், 36 கூட நிரம்பவில்லை. சிறையிருந்த காலத்தைக் கழித்தால் இன்னும் குறையும். பிறகு 37 எங்கிருந்து வந்தது? முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் முழுசாகச் சேர்த்து எண்ணினால் வருகிறது. அந்நாட்டில் வழங்கிய கொல்லம் ஆண்டில் எண்ணினாலும் அப்படியே: பிடிபட்டது 916, இறந்தது 952, இரண்டையும் சேர்த்தால் 37. ஊழியத்தை நடப்பு ஆண்டாக எண்ணியவர்கள் வயதை மட்டும் பூர்த்தி ஆண்டாக எண்ணியிருப்பார்களா? நம் வீட்டுப் பெரியவரிடம் வயதைக் கேட்டால் "அறுபத்திரண்டு நடக்குது" என்பாரே, அந்தக் கணக்காகவும் இருக்கலாம். அப்படியானால் பிறப்பு ஓராண்டு தள்ளி, 1715 முடியும் வேளைக்குப் போய்விடும். ஆகவே புரட்ட வேண்டியவை இரண்டு குளிர்காலங்கள். சிறையிருப்பையும் ஊழியத்தில் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை யாருடையது என்று யோசிப்பதும் சுவைதான்; அவரே சொல்லிச் சொல்லிக் குடும்பத்துக்குப் பழகிய எண்ணாக இருக்கும் என்பது என் ஊகம்.

பிறந்த ஊர் வட பிரான்சின் ஆராஸ் என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படுவது. அது உண்மையானால் தேடுகிறவருக்கு அதிர்ஷ்டம். 1667ஆம் ஆண்டு அரச ஆணைப்படி பிரான்சில் பங்குக் குரு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேட்டை இரண்டு படி எழுத வேண்டும். ஒன்று கோயிலில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். கோயில் ஏடாகத் தொடங்கி அரசு ஏடாக முடியும் அந்த இரட்டைப் பிறவி எத்தனையோ குடும்பங்களைத் தீயிலிருந்தும் போரிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. பெயரும் அங்கே இதே உருவில் இராது. கல்லில் உள்ள லத்தீன் உருவைக் கழற்றிவிட்டு யூஸ்டாஷ் பெனுவா என்று தேட வேண்டும்.

டச்சுக் கம்பெனியின் ஏடுகள் வேறு குணம் கொண்டவை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் புத்தகம். இன்று ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆளின் பெயர், ஊர், வேலை, கப்பல், பற்று வரவு. உள்ளம் தொடும் ஒரு சொல்லும் கிடையாது. இருந்தாலும் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று மாதப் பங்கை வீட்டாருக்கு எழுதிவைக்க ஒரு சீட்டு உண்டு. அது மனைவிக்கா, பிள்ளைக்கா, பெற்றோருக்கா என்று பார்த்தாலே குடும்பம் எட்டிப் பார்த்துவிடும். கடைசியாக ஒரு பத்தி: ஆள் எப்படி விலகினான்? இறந்தான், ஊர் திரும்பினான், ஓடிப்போனான். பகையரசனிடம் போய்த் தளபதி ஆகிறவனும் அங்கே ஒரு முடித்த கணக்குதான்.

திருவனந்தபுரத்திலோ ஆவணம் ஓலையில். நகரின் கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயில் சார்ந்த மதிலகம் சுருணைகள் என்னும் ஓலைச் சுருள்கள் இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. வைத்தால் ஓலை கிழியும். அதில் ஓர் அயல்நாட்டுப் பெயரை எழுத்துக் கூட்டித் தேடுவது வீண் வேலை, பதவியைத் தேடுவதே புத்தி.

தேதியிலும் ஒரு வேடிக்கை. குளச்சல் வெற்றியைத் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ முகாமில் ஜூலை 31 அன்று நினைவுகூர்கிறார்கள். புத்தகங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 10 என்கின்றன. பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள். இங்கே 10தான். ஒரு நாள் எங்கேயோ இடறுகிறது. இந்த மாதிரி இடறல்களைக் கண்டால் பதிவேடு படிக்கிறவருக்குப் பசி எடுக்கும்.

அஞ்சுதெங்கில் அந்தப் பசி தீராது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வட கரையில், 1690களில் ஆங்கிலக் கம்பெனி கட்டிய கோட்டை அது. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1728இலும், எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்ன் உருகி எழுதிய எலைசா டிரேப்பர் 1744இலும் பிறந்த இடம். டி லனாய் பெண் எடுத்ததும் அங்கேதான் என்று ஒரு வழக்கு உண்டு. அஞ்சுதெங்கு பம்பாயின் கீழ் இருந்தது. பம்பாய் மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போன ஞானஸ்நான, திருமண, அடக்கப் பட்டியல்களின் படிகள் 1709இல் தொடங்குகின்றன, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1752 வரை ஆங்கிலேயருக்குச் சட்டப்படி ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. பழைய முறையில் பிப்ரவரி 1744 என்று எழுதியிருந்தால் அது நமக்கு 1745. இதைத் தெரியாமல் கணக்குப் போட்டால் குழந்தை கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிடும், வீண் பழி! தவிர, டி லனாய் கத்தோலிக்கர். கத்தோலிக்கத் திருமணத்தை அந்த ஆங்கிலத் திருச்சபைப் பட்டியலில் எதிர்பார்ப்பதற்கில்லை. கத்தோலிக்கப் பங்குக்கு அதன் சொந்த ஏடு. 1614இல் வெளிவந்த ரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளை விதித்திருந்தது. அவற்றில் ஒன்று வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கினார்களா என்று எழுதும் ஆன்மாக்களின் பட்டியல். அப்படி ஓர் ஏடு மட்டும் கைக்கு வந்தால் போதும், ஒரு வீட்டின் கதவு திறந்தாற்போலத்தான்.

நேர் வழியில் ஆள் அகப்படாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் நின்றவரின் ஏட்டைப் புரட்டுவது இந்தத் தொழிலின் பழைய உபாயம். டி லனாய்க்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அரசு அலுவலில் இருந்த நீலகண்ட பிள்ளை. துயரத்தில் இருந்தவருக்கு டி லனாய் விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் கொல்லப்பட்டார். அந்தத் தேவசகாயத்தின் சாவைக் கொச்சி ஆயர் 1756இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் தெரிவித்தார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்படும் வரை அவரைப் பற்றிக் கடிதமும் அறிக்கையும் விசாரணையும் சேர்ந்துகொண்டே வந்தன. வலிய கப்பித்தானைத் தேடுகிறவர் ஆராஸ் ஏட்டுக்கு முன்னால் இந்தக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.